என்ற காசுல வாங்குன மிஷின்

ஏனுங்க, சித்த அந்த ஜன்னலை மேல தள்ளி விடறீங்களா? காத்துக்கு இல்லீங்க, இந்த போனுக்கு. ஜன்னலோரம் புடிச்சாத்தான் இதுக்கு டவர் கெடைக்குது. ஊட்டுல இருந்து கூப்பிடுவாங்க. கூப்பிட்டா எடுத்தாகோணும். இன்னைக்கு அப்படியொரு நாளுங்க.

நீங்களும் கோயம்புத்தூருங்களா? நான் சிங்காநல்லூர்ல எறங்கோணும். இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு எப்பப் போய்ச் சேர்றதுன்னு தெரியல. காங்கேயத்துல ஏறுனதுல இருந்து பார்க்கறேன், நின்ன எடத்துல எல்லாம் நிக்கறான். கை காட்டுனவன், காட்டாதவன் எல்லாத்துக்கும் நிக்கறான்.

இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு இல்ல. ஆனா உசுரு சமாச்சாரந்தான். கோழிக்குஞ்சுங்க. சிரிக்காதீங்க. இன்னும் முட்டை ஓட்டை விட்டு வெளியவே வராத குஞ்சு, அத்தனையும் மிஷினுக்குள்ள கெடக்குது. வெயில் உச்சிக்கு ஏறி எறங்கறதுக்குள்ள என்ற மருமகளைக் கையோட கூட்டிட்டுப் போய் நிறுத்தலைன்னு வெச்சுக்குங்க, அத்தனை முட்டையும் உள்ளயே வெந்து போயிரும்.

எம்பேரு சென்னியப்பன். வெள்ளக்கோயில் போற ரோட்டுல தோட்டம். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிச்சுக் குடுக்கற தொழிலு. மிஷின்னா ரெண்டு பீரோவை ஒட்ட வெச்ச மாதிரி இருக்குமுங்க. உள்ள தட்டு தட்டா முட்டை. சூடு குடுக்கும், ஈரம் குடுக்கும், தட்டைச் சாய்ச்சு முட்டையைப் பொரட்டி விடும். கோழி செய்யற சோலி அத்தனையும் அது செய்யும். மொதல்ல கொஞ்ச நாளைக்கு முட்டைக்கு நாமதான் சூடு குடுக்கோணும். பாதி நாளு தாண்டிட்டா உள்ள குஞ்சு வளர்ந்து, முட்டையே சூடு விட ஆரம்பிச்சுரும். அப்புறம் சூடு குடுக்கறது பெருசில்லீங்க, அந்தச் சூட்டை வெளிய தள்றதுதான் பெருசு. அதுக்குத்தான் உள்ள ஃபேனு. இன்னைக்கு அந்த ஃபேனு நிக்குது. அதும் இந்தச் சித்திரை வெயில்ல.

கதவைத் தொறந்து போட்டு, சாக்கை நனைச்சுத் தொங்க விட்டு, ஊட்டுல இருக்கற டேபிள் ஃபேனை எல்லாம் தூக்கிட்டு வந்து வெச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன். என்ற சம்சாரம் ருக்குமணி அங்க நின்னு தட்டைக் கையால சாய்ச்சுட்டு இருக்கா. அது எத்தனை நேரந் தாங்கும், சொல்லுங்க?

ஏன் நின்னுச்சுங்களா? பூட்டிக்கிச்சுங்க. ரிப்பேரெல்லாம் இல்ல. மிஷின் நல்லா இருக்குது, ஃபேனு நல்லா இருக்குது, கரண்டும் இருக்குது. அதோட மூளை இருக்கற பொட்டி பூட்டிக்கிச்சு. அது தொறந்தாத்தான் மத்தது ஓடும். அதைத் தொறக்கத் தெரிஞ்ச ஆளு என்ற மருமக பவதாரணி ஒருத்திதான். எலக்ட்ரானிக்ஸ்ல இஞ்சினியர் படிச்ச புள்ள. போன மாசம் துணிமணியைக் கட்டிட்டு சிங்காநல்லூர்ல ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டா. உள்ள போறப்பவே போனை வாசல் கேட்டுல வாங்கி வெச்சுக்குவாங்களாமா, பொழுது சாஞ்சாத்தான் குடுப்பாங்களாமா. அதான் நேருலயே போறேன்.

பையனா? பையன் சுதர்சனும் இப்ப அங்கதான். பொண்டாட்டியைக் கொண்டு போய் விட்டுட்டு வர்றேன்னு போனவன், அங்கயே வாடகைக்கு ஊடு பார்த்துட்டான். இன்னைக்கு லோடு ஏத்திட்டுக் கேரளாப் பக்கம் போயிருக்கான். போன் போகவே மாட்டேங்குது.

கம்பெனிக்காரன்தான் பூட்டுனானான்னு கேட்கறீங்க. கம்பெனிக்காரனைப் பத்தி நீங்க கேட்கவே வேண்டாம், நானே சொல்றேன். நியாயம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

மாசி மாசமுங்க அது. மிஷினுக்குள்ள சூடு பார்க்கறதுக்கு சென்சார்னு ஒண்ணு, வயரு நுனியில பீடி அளவுக்குத் தொங்கும். அந்த வயரை எலி கடிச்சிருச்சு. கம்பெனிக்குப் போன் போட்டா, சென்சார் எங்ககிட்டத்தான் வாங்கோணும், எங்க இஞ்சினியர் வந்துதான் மாட்டோணும், அவரு வர நாளாகும்னாங்க. முட்டை நாள் பார்க்குமுங்களா? கோயம்புத்தூர்ல கடை கடையா ஏறி அதே மாதிரி சென்சார் ஒண்ணு வாங்கிட்டு வந்து, நம்ம எலக்ட்ரீசியனை விட்டு மாட்டியாச்சு. ஒரு குறையும் இல்ல, சூடு சரியாக் காட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சுக் கரண்ட் போயிட்டு வந்துச்சுங்க. மிஷின் மறுக்கா ஓட ஆரம்பிக்கோணுமில்ல? ஓடல. திரையில எழுத்து வருது, இது எங்க பொருள் இல்ல, கம்பெனியைக் கூப்பிடுன்னு. சூடு நின்னு போச்சு, ஃபேனு நின்னு போச்சு. ஏன்டா, சென்சார் புடிக்கலைன்னா சென்சாரோட சண்டை போடு, ஃபேனை ஏன்டா நிறுத்துற?

கூப்பிட்டேன். ஒரு பொண்ணு தேனாட்டம் பேசுச்சு. இஞ்சினியர் வெள்ளிக்கிழமை வருவாருங்க சார்னு. ஏன் கண்ணு, வெள்ளிக்கிழமை அவரு வந்து என்ன பண்ணுவாரு, மொளகுத்தூள் போட்டுத் திம்பாரான்னு கேட்டனுங்க. லைனை மாத்தி விட்டு ஒரு பாட்டைப் போட்டுட்டுப் போயிருச்சு.

ஃபேனை நேராக் கரண்ட்ல சொருகலாமேன்னு நீங்க நினைப்பீங்க. அதுவும் அந்தப் பொட்டி வழியாத்தான் போகுது. எல்லாத்தையும் அதுக்குள்ள கொண்டு போய்க் கட்டி வெச்சிருக்கான். முட்டையைத் தொட்டா காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி சுடுது.

இருங்க, வந்துருச்சு. அலோ… சொல்லு ருக்கு. தட்டைச் சாய்ச்சியா? … சாக்கு காஞ்சிருச்சுன்னா நனை, அதையும் நான் சொல்லோணுமா? … என்னது, பின்னாடியா? பின்னாடி என்ன? … நீ எதையும் தொடாத. உனக்கு அதுல என்ன தெரியும்? பொங்கலூரு தாண்டிட்டேன், இந்தா போயிருவேன். … அதெல்லாம் வந்து பேசிக்கலாம், வெய்யி.

பயந்துக்கறாங்க. பொம்பளைகதானுங்களே. மேல் தட்டெல்லாம் சூடு ஏறிட்டு இருக்குதாமா. என்னமோ சொல்ல வந்தா, அதுக்கெல்லாம் இப்ப நேரம் எங்க இருக்குது?

எங்க விட்டேன்? ஆங், மாசி மாசம். நான் தலையில கையை வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், மருமக வந்தா. கையில ஸ்குரு டிரைவரு. "மாமா, நம்ம சென்சார் நல்லாத்தானுங்க வேலை செய்யுது. மிஷின் அதுகிட்ட நீ எந்த ஊருன்னு கேட்குது, இதுக்குப் பதில் சொல்லத் தெரியல. கேட்கறதையே நிறுத்திட்டா ஓடிரும்"னா. எனக்கு அரைகுறையாத்தான் புரிஞ்சுது. இதே மாதிரிப் பொட்டியைத் தொறந்தவங்க எழுதி வெச்சது நெட்டுல இருக்குதாமா, கூடப் படிச்ச புள்ள ஒண்ணு அனுப்பறேன்னுச்சாமா. போன்ல எறக்கி, வயர் போட்டு அந்தப் பொட்டிக்குள்ள ஏத்தோணுமாமா. "ஏத்தறப்ப நடுவுல நின்னா மட்டும் பொட்டி மொத்தமா செத்துரும் மாமா, அப்புறம் கம்பெனிக்காரனாலயும் முடியாது"ன்னா. "சரி அம்மிணி, பண்ணு"ன்னேன். "போனைத் தொறந்து விடுங்க மாமா"ன்னா.

அது ஒண்ணுமில்லீங்க. என்ற ஊட்டுல ஒரு ஒழுங்கு வெச்சிருந்தேன். கண்ணாலமாகி வந்ததுல இருந்து இந்தப் புள்ள போனுங் கையுமாவே இருந்துச்சு. கூடப் படிச்சதுகளோட பேச்சு, இங்கிலீஷ்ல ஏதோ படிப்பு, இன்டர்வியூ அது இதுன்னு. சின்னப் புள்ளைகளுக்குப் போடுவாங்கல்ல, நேரம் ஆனா போனைத் தானா அணைக்கற ஆப்பு, அதைப் பையனை விட்டு அவ போன்ல போடச் சொன்னேன். காலைல ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம். மத்த நேரத்துக்கு அது பாட்டுக்குக் கெடக்கும். எச்சா வேணும்னா என்ற போன்ல இருந்து நான் விடோணும். நல்லதுக்குத்தானுங்க, கண்ணு கெட்டுப் போயிருமில்ல? அந்தப் புள்ளையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அத்தனை தங்கமான புள்ள.

நான் என்ன ஈவு எரக்கம் இல்லாதவனா? உடனே என்ற போனை எடுத்து, அரை மணி நேரம் போதுமான்னு கேட்டேன். என்ற மொகத்தைப் பார்த்தா. "பார்க்கறனுங்க மாமா"ன்னா. அரை மணி நேரம் விட்டேன்.

வெளிய போய் சாக்கை நனைச்சுட்டு இருந்தனுங்க. ஒரு காதுல அந்தக் கம்பெனிக்காரன் பாட்டு ஓடிட்டே இருக்குது. தண்ணி ஊத்தறேன், வெயில்ல நொடியில காயுது. ருக்கு மேல் தட்டுல இருந்து நாலு முட்டையை எடுத்துக் காதுல வெச்சுப் பார்க்கறா. உள்ள இருந்து கீச்சுக் கீச்சுன்னு கேட்குதுன்னு சொல்லிட்டு அழுகறா. பொரிய வேண்டிய முட்டைங்க அது. உள்ள இருந்து கூப்பிடுது. அதைக் கேட்டுட்டு நின்னா யாருக்குத்தான் தாங்கும்?

சாக்கைத் தோள்ல போட்டுட்டு உள்ள வந்தேன். அந்தப் புள்ள தரையில உக்காந்திருக்குது, மடியில போனு, போன்ல இருந்து வயரு மிஷினுக்குப் போகுது. திரையில ஒரு கோடு பாதி தூரம் வந்து மெல்ல ஊர்ந்துட்டு இருக்குது. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. செவுத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் விட்ட அரை மணி நேரம் முடிஞ்சு எத்தனையோ நேரமாச்சு. போன் அணையல.

"ஏன் அம்மிணி, நேரம் முடிஞ்சிருக்குமே?"ன்னேன்.

தலையை நிமித்தாமயே சொன்னா. "அணைஞ்சுதுங்க மாமா. பாதியில நின்னா பொட்டி செத்துரும்னு நான் தொறந்துக்கிட்டேன்."

"எப்படித் தொறந்த?"

"அது கண்ணாலமாகி வந்த புதுசுலயே தொறந்ததுதானுங்க மாமா. உங்க மனசு கஷ்டப்படும்னு பூட்டுன மாதிரியே வெச்சிருந்தேன்."

பார்த்தீங்களா லொள்ளை? ரெண்டு வருசமா என்ற போன்ல பூட்டு விழுந்திருக்குது, பூட்டு விழுந்திருக்குதுன்னு காட்டிட்டு இருந்துச்சு, நானும் நம்பிட்டு இருந்திருக்கறேன். கோவம் வந்துச்சு. ஆனா அந்த நேரத்துல என்ன பேசறது? அந்தக் கோடு போய் முட்டுச்சு. பொட்டி ஒருக்கா அணைஞ்சு எரிஞ்சுது. பொறகு ஃபேனு ஓடுச்சு பாருங்க! சாமி சத்தியமா, பையன் பொறந்து மொத அழுகை அழுதப்பக்கூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லீங்க. ருக்கு அந்தப் புள்ளையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

பல்லடமா இது? இங்க பத்து நிமிசம் போடுவானுங்களே. கண்டக்டரே, சித்த சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க! … டீயாமா. குடிச்சுட்டு வரட்டும். என்னத்தச் சொல்றது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை இஞ்சினியர் வந்தானுங்க. சின்னப் பையன், கழுத்துல கார்டு. தட்டுல குஞ்செல்லாம் மஞ்ச மஞ்சளாக் கத்திட்டு இருக்குது. அவன் அதைப் பார்க்கல, பொட்டியைத்தான் பார்த்தான். "சார், இதை யாரு தொறந்தது? இனி இதுக்கு வாரண்டி இல்ல. நாங்க சர்வீசும் பண்ண மாட்டோம்"னான். ஏன்டா தம்பி, என்ற மிஷினை நான் தொறந்தா உனக்கு என்னன்னு கேட்டேன். அதுக்கு அவன் சொல்றான், "மிஷின் உங்களுதுதான் சார். ஆனா உள்ள இருக்கற புரோகிராமு கம்பெனியோடது. உங்க நல்லதுக்குத்தான் பூட்டி வெச்சிருக்கறோம்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம்! அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாம் நின்னுட்டு இருந்தாங்க. அவங்க முன்னாடியே கேட்டேன். "என்ற நல்லது என்னன்னு எனக்குத் தெரியாதா? காசு குடுத்து வாங்குனதுக்கப்புறம் அது என்ற பொருளு. அதை நான் தொறப்பேன், மூடுவேன், மேல ஏறி உக்காருவேன். பொருளை என்கிட்ட வித்துட்டு சாவியை உன் மடியில வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு வியாபாரமா? நான் என்ன உன்ற ஊட்டு வேலைக்காரனா, ஒவ்வொண்ணுக்கும் உன்கிட்ட அனுமதி கேட்டுட்டு நிக்க?"ன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அந்தப் பையன் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் எங்க பக்கம் அதைச் சொல்லுவாங்க, சென்னியப்பன் கேட்டான் பாருன்னு.

கூட்டம் கலைஞ்சதுக்கப்புறம் மருமக வந்து நின்னா. "மாமா, நீங்க பேசுனது இந்த மிஷினுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"ன்னா. "எல்லாத்துக்குந்தான். நியாயம்னா ஒண்ணுதான்"னேன். அவ போனை எடுத்து என்ற கையில குடுத்து, "அப்ப இதுல இருக்கற ஆப்பை நீங்களே எடுத்துருங்க மாமா"ன்னா.

"அம்மிணி, அது வேற, இது வேற"ன்னேன்.

வேறதானுங்களே? போன் அவ சம்பாரிச்ச காசுல வாங்குனதுதான், இல்லைங்கல. கண்ணாலத்துக்கு முந்தி வேலைக்குப் போனப்ப வாங்குனது. ஆனா அவ இருக்கறது என்ற ஊட்டுல. போன் அவளோடது, போனுக்குள்ள வர்ற பேச்சு இந்த ஊட்டுப் பேச்சு. அதுல நாலும் வரும், போகும். நான் ஒருத்தன் பார்த்துக்கிட்டா அவளுக்கும் நல்லதுதானுங்களே? அவதான் தொறந்து வெச்சிருக்காளே, அப்புறம் நான் எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? பேருக்கு இருந்துட்டுப் போகட்டுமேன்னேன். "பேருக்குக்கூட வேண்டாமுங்க மாமா"ன்னா. நான் எடுக்கல. அதுல ஒரு மரியாதை இருக்குதில்ல.

ஏனுங்க, நீங்க அக்கட்டப் பார்க்கறீங்க? நான் சொல்றது தப்புங்களா?

சரி, விடுங்க. பங்குனியில பொறப்பட்டுட்டா. சண்டையெல்லாம் இல்லீங்க. எனக்கு விழுந்து கும்பிட்டுட்டு, வேலை கெடைச்சிருக்குது மாமா, போயிட்டு வர்றேன்னா. அவ்வளவுதான்.

இருங்க, அடிக்குது. அலோ, என்ன ருக்கு? … எத்தனை காட்டுது? … அடக் கடவுளே. கதவை இன்னும் அகலமாத் தொற. … பவதாரணியா? அவ என்ன சொன்னா? எப்பச் சொன்னா? … நீ இப்பக் கதை சொல்லாத, அங்க முட்டை வேகுது! கையை வெச்சுப் பொட்டியைக் கெடுத்துட்டீன்னா அவ வந்தும் பிரயோசனமில்ல. தொட்டீன்னா நடக்கறது வேற, சொல்லிட்டேன். … சூலூருகிட்ட வந்துட்டேன்.

சூடு கூடிட்டே போகுதாமா. இன்னுங் கொஞ்ச நேரந்தான் தாங்கும். நான் போய், அந்தக் கேட்டுல சொல்லி அவளை வெளிய வரவழைச்சு, டாக்சியே புடிச்சாலும் எப்படிங்க… குஞ்சுக வேற முட்டைக்குள்ள இருந்து கூப்பிட ஆரம்பிச்சிருக்கும்.

என்னங்க? இல்ல, இந்தத் தடவை கம்பெனி பூட்டு இல்லீங்க. அவந்தான் வர்றதே இல்லையே.

அதுங்க… அந்தப் புள்ள போறதுக்கு முன்னாடி பொட்டியைச் சுத்தமாத் தொறந்து விட்டுட்டா. எந்த சென்சாரும் போடலாம், யாரு வேணும்னாலும் ஓட்டலாம்னா. யாரு வேணும்னாலும்னா எப்படிங்க? வேலைக்கு வர்ற ஆளுக கை வெப்பாங்க, பையன் வெப்பான், நாளைக்கு எவனாச்சும் வந்து நோண்டுவான். ஒரு பாஸ்வேர்டு போடு, எனக்கு மட்டுந் தெரியற மாதிரின்னேன். வேண்டாமுங்க மாமான்னா. நாந்தான் விடல. அவளை அக்கட்டத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு நானே என்ற கையால போட்டேன்.

எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. தோட்டம் வாங்குன வருசந்தான் போட்டது. இன்னைக்குக் காலைல கரண்ட் போயிட்டு வந்ததும் பாஸ்வேர்டு கேட்டுச்சு. அழுத்துனேன், இல்லைன்னுச்சு. மறுக்கா அழுத்துனேன், இல்லைன்னுச்சு. மூணாந்தரம் பூட்டிக்கிச்சு. அவதான் மாத்தி வெச்சிருப்பாளோன்னு காலைல நினைச்சேன். இல்ல, அந்தப் புள்ள அப்படிச் செய்யாது. நான் அன்னைக்குப் போடறப்பவே வெரலு ரெண்டு தரம் பட்டிருச்சோ என்னமோ. கண்ணாடி போடாமத்தான் போட்டேன். யாரும் பார்த்துரக் கூடாதுன்னு கையை வேற மேல கவுத்தி வெச்சுக்கிட்டுப் போட்டேன்.

என்ற பூட்டுதான். இல்லைன்னு சொன்னனா?

அந்தக் கம்பெனிக்காரன் பூட்டையாச்சும் திட்டலாம். இப்ப யாரைங்க திட்டறது?

ஒண்டிப்புதூரு வந்துருச்சா? அப்ப அடுத்ததுதான். எந்திரிச்சு நின்னுக்கறேன். … போனு! இருங்க, இருங்க. அலோ! ருக்கு! என்ன ஆச்சு? … அது என்ன சத்தம்? … டேபிள் ஃபேன் சத்தமா அது? … இல்ல… ருக்கு, அது என்ன சத்தம்? … … எப்ப? … யாரு? … …

உக்காந்துக்கறேன். சித்த நகருங்க.

ஓடுதாமுங்க. போன்லயே கேட்டுச்சு, மிஷின் ஃபேனு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? சூடு எறங்குதாமா. ருக்குதான் தொறந்திருக்கா. பொட்டிக்குப் பின்னாடி மூடியைக் கழட்டுனா சின்னதா ஒரு ஓட்டை இருக்குதாமா. அதுக்குள்ள கொண்டை ஊசியை விட்டு அமுக்கிப் புடிச்சா, போட்டு வெச்ச பாஸ்வேர்டையெல்லாம் பொட்டி மறந்துருமாமா. பவதாரணி போறதுக்கு மொத நாளே ருக்குவைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்குது.

ஏன்டி எங்கிட்டச் சொல்லலைன்னேன். "காலைல நீங்க செருப்பு மாட்டறப்பவே சொன்னனுங்க. நீங்க பொங்கலூரு தாண்டுனப்பச் சொன்னேன். சூலூருகிட்டவும் சொன்னேன்"கறா. "தொடாதேன்னீங்க. நான் தொட்டுட்டேனுங்க"ன்னா. சொல்லிட்டு வெச்சுட்டா. இத்தனை வருசத்துல அவளா போனை வெச்சது இதுதான் மொதத் தடவை.

முட்டை பொழைச்சிருச்சு. சந்தோஷப்படோணும். படறேன், இல்லைங்கல. ஆனா பாருங்க, என்ற தோட்டத்துல, என்ற காசுல வாங்குன மிஷினு. தொறக்கத் தெரியாத ஆளு நான் ஒருத்தன்தான்.

ஆமாங்க, சிங்காநல்லூருதான். எறங்கறேன். எறங்கித்தானே ஆகோணும். அந்தா, சந்துக்குள்ள ஒரு கேட்டு தெரியுதுல்ல, அதுதான்னு பையன் முந்தியே சொல்லியிருக்கான்.

பஸ் ஏறறப்ப மனசுக்குள்ள பேசி வெச்சிருந்தனுங்க. அம்மிணி, மிஷின் நின்னு போச்சு, கெளம்புன்னு. கெளம்பியிருப்பா. எம்மேல எத்தனை கோவம் இருந்தாலும் அந்தக் குஞ்சுகளுக்காகக் கெளம்பியிருப்பா. ஊட்டுக்குள்ள வந்திருப்பா, ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பா, அப்படியே இருந்துக்கறயான்னு ருக்கு கேட்டிருப்பா. இப்ப அந்த வாட்ச்மேன் என்ன விசயமா வந்தீங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? சோலி இல்லாம இதுவரைக்கும் நான் யாரையும் வான்னதில்லீங்க. ஊட்டு ஆளையும் சரி, வெளி ஆளையும் சரி.

ஏனுங்க, மிஷின் நல்லா ஓடறப்ப ஒருத்தரை எப்படிங்க கூப்பிடறது?